கல்லச்சும் காதிபும்

முஸ்லிம்கள் அச்சுக் கலையை முந்நூறு ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள் என்பது வரலாற்று நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் செய்தியாகும். ஜெர்மனியில் குட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டளவில் பைபிளை அச்சிட்டு முடித்தார். இஸ்தான்பூலில் முதல் முஸ்லிம் அச்சகம் 1729-இல்தான் தன் முதல் நூலை வெளியிட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் உலமாக்கள் குறுக்கே நின்றார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். நம் பிள்ளைகளும் கல்லூரிகளில் இதைப் படிக்கின்றனர். படித்துவிட்டு, மதரஸாவையும் மார்க்க அறிஞர்களையும் புதுமைக்குப் பகைவர்கள் என எண்ணிக்கொள்கின்றனர்.

இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை எவரும் சொல்வதில்லை. ஈயத்தில் வார்த்த எழுத்துகளைக் கண்டு தயங்கிய அதே சமுதாயம், கல்லச்சு என்ற வேறொரு முறை தோன்றியதும் அதை இரு கைகளாலும் ஏற்றுக்கொண்டது. மொரோக்கோவின் ஃபாஸ் நகர் முதல் சிங்கப்பூர் வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் முஸ்லிம்களின் கல்வி கல்லச்சுப் பட்டறைகளிலிருந்தே வெளிவந்தது. நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பலவும் அப்படிப் பிறந்தவைதாம். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். பழங்கதை கேட்கும் இன்பத்திற்காக மட்டுமன்று. அதில் நமக்குரிய ஒரு கடமையும் மறைந்து கிடக்கிறது.

தயக்கத்தின் காரணம்

உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485-இல் அச்சுத் தொழிலைத் தடைசெய்தார் என்றும், அவர் மகன் சலீம் 1515-இல் அத்தடையைப் புதுப்பித்தார் என்றும் பல நூல்கள் கூறுகின்றன. ஆனால் அத்தகைய ஆணையின் மூலப் படி எதுவும் இதுவரை காட்டப்படவில்லை என அண்மைக்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மாறாக, ஐரோப்பாவில் அச்சான அரபு நூல்களை உதுமானிய நாட்டில் விற்பதற்கு இடையூறு செய்யலாகாது என சுல்தான் மூன்றாம் முராத் 1588-இல் பிறப்பித்த ஆணை இருக்கிறது. அச்சு நூல் என்ற ஒன்றை முஸ்லிம்கள் கண்ணாலும் காண மறுத்தார்கள் என்பது இதனாலேயே பொய்யாகிறது.

பின் தயக்கம் எதனால் வந்தது? ஒரு சான்று போதும். வெனிஸ் நகரில் பகனீனி என்ற தந்தையும் மகனும் 1537, 1538-ஆம் ஆண்டுகளில் திருக்குர்ஆனை ஈய எழுத்தில் அச்சிட்டனர். முஸ்லிம் நாடுகளில் விற்றுப் பொருளீட்டுவதே நோக்கம். அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1987-இல் வெனிஸ் நகரிலேயே ஒரு மடத்து நூலகத்தில் ஒரு படி கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்தவர்கள், தாலுக்கும் தாலுக்கும், அதாவது புள்ளியில்லாத எழுத்துக்கும் புள்ளியுள்ள எழுத்துக்கும், வேறுபாடு காட்டப்படாமல் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டனர். இறைவேதத்தின் ஒரு புள்ளி இடம் மாறினால் பொருளே மாறிவிடும் என அஞ்சும் ஆலிம் ஒருவர் இதைக் கையிலெடுத்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாமே உணரலாம்.

மற்றொரு காரணம் எழுத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. அரபு எழுத்தோ கைகோத்து நடப்பது. ஓரெழுத்து சொல்லின் முதலில் ஓர் உருவம், இடையில் ஓர் உருவம், கடையில் ஓர் உருவம், தனித்து நிற்கையில் ஓர் உருவம் எனக் கொள்ளும். அவற்றோடு ஜபர், ஜேர், பேஷ், ஷத்து முதலிய குறிகளும் சேர்ந்தால் அச்சுக் கோப்பவர் முன் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெட்டி இருக்க வேண்டும். பாரசீகமும் உருதும் எழுதப்படும் நஸ்தஃலீக் எழுத்தோ மேலிருந்து கீழாகச் சரிந்து இறங்குவது. நேர்கோட்டில் அடுக்கும் ஈய அச்சுக்குள் அது அடங்காது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, எழுதுகோலின் மீது நம் மார்க்கம் வைத்த மதிப்பு இருக்கிறது. முதன்முதல் அருளப்பெற்ற வசனங்களிலேயே எழுதுகோல் பேசப்படுகிறது. அதன் பெயராலேயே ஓர் அத்தியாயமும் உண்டு. கிதாபை எழுதும் காதிப் தன் உஸ்தாதிடம் பல்லாண்டு பயின்று, அவர் அனுமதியாகிய இஜாஸா பெற்ற பின்னரே தன் பெயரை ஏட்டின் இறுதியில் இடத் துணிவார். எழுதியவர் இன்னார், அவருக்குக் கற்பித்தவர் இன்னார் என்ற சங்கிலி ஒவ்வொரு ஏட்டுக்கும் பிணையாக நின்றது. ஈய எழுத்துக்கு அப்படியொரு பிணையாளி இல்லை.

ஹங்கேரி நாட்டில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய இப்றாஹீம் முதஃபர்ரிகா இக்குறையை நன்கு அறிந்திருந்தார். 1727-இல் சுல்தான் மூன்றாம் அஹ்மதின் ஆணையையும் ஷெய்குல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபந்தியின் ஃபத்வாவையும் பெற்றே அவர் அச்சகம் நிறுவினார். அகராதி, வரலாறு, புவியியல் போன்ற நூல்களுக்கே அனுமதி. திருக்குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹு நூல்கள் அதில் சேரவில்லை. பிழை திருத்துவதற்கென்று காஜிகளாக இருந்த அறிஞர்களும் மௌலவிய்யா தைக்காவின் ஷெய்கு ஒருவரும் அமர்த்தப்பட்டனர். 1729-இல் வெளிவந்த முதல் நூலான வான்குலீ அகராதியின் தொடக்கத்தில் ஆலிம்களின் மதிப்புரைகள் இடம்பெற்றன. தடுத்தவர்கள் என்று தூற்றப்படும் உலமாக்களே பிழைதிருத்துநர்களாக அமர்ந்ததை நாம் மறக்கலாகாது. எனினும் அவர் வாழ்நாளில் அச்சானவை 17 நூல்களே. ஈய அச்சு முஸ்லிம்களின் நெஞ்சில் அப்போது இடம் பிடிக்கவில்லை.

நாடக ஆசிரியர் கண்ட வழி

பிராகு நகரில் 1771-இல் பிறந்து மூனிக்கில் வாழ்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தம் நாடகங்களை அச்சிடப் போதிய பணமில்லாமல், மலிவான வழி ஒன்றைத் தேடித் திரிந்தார். பவேரியா நாட்டில் கிடைக்கும் ஒருவகை வழவழப்பான சுண்ணக்கல்லில் சோதனைகள் நடத்தி, 1796 முதல் 1798 வரையிலான ஆண்டுகளில் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். நீரும் எண்ணெய்ப் பசையும் ஒன்றோடொன்று சேரா என்ற, ஒவ்வொரு அடுக்களையும் அறிந்த உண்மையே அதன் அடிப்படை.

பட்டறையில் வேலை நடந்த விதம் இது. கல்லை மணலிட்டு மற்றொரு கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவர். கொழுப்பு, மெழுகு, சவுக்காரம், விளக்குக்கரி முதலியவற்றைக் கூட்டிக் காய்ச்சிய பசை மையால் காதிப் எழுதுவார். கல்லின் மேல் நேரே எழுதினால் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். அந்தத் தொல்லையையும் செனஃபெல்டரே நீக்கினார். பசை பூசிய ஒரு தனிக் காகிதத்தில் வழக்கம்போல் எழுதி, அதை ஈரமாக்கிக் கல்லின்மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து கல்லுக்கு மாறிவிடும். பிறகு அரபுப் பிசினும் சிறிதளவு திராவகமும் கலந்த நீரைக் கல்லில் பூசுவர். எழுத்தில்லாத இடம் நீரை ஏற்கும். எழுத்து நீரை விலக்கும். அதன்மேல் மை உருளையை ஓட்டினால் எழுத்தில் மட்டும் மை பற்றும். காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் காதிபின் கையெழுத்து அப்படியே, ஒரு கீற்றும் மாறாமல், நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். நூற்றாண்டுகளாகக் காதிப்கள் தங்கள் மையில் கலந்துவந்த அதே அரபுப் பிசின் இப்புதிய கலையிலும் வேலை செய்தது என்பது கருதத்தக்கது.

இம்முறையில் காதிபின் வேலை பறிபோகவில்லை. அவர் கை பன்மடங்கு நீண்டது. கிதாபின் நடுவில் மூலம், சுற்றிலும் ஓரத்தில் விரிவுரை, வரிகளின் இடையே சாய்வாகக் குறிப்புகள் என்று மதரஸாக்களில் நாம் ஓதிய பக்க அமைப்பை ஈய எழுத்தால் கோப்பது பெரும்பாடு. கல்லச்சுக்கோ அது ஒரு பொருட்டேயன்று. காதிப் எப்படி எழுதுகிறாரோ அப்படியே அச்சாகும். ஈயம் வாங்க வேண்டாம். எழுத்து வார்க்க வேண்டாம். ஒரு கல்லும் ஓர் அழுத்துபொறியும் நல்ல கையெழுத்துக்காரர் ஒருவரும் இருந்தால் ஊருக்கு ஓர் அச்சகம் வைத்துவிடலாம்.

புதிய கலை புதிய தொழில்களையும் தந்தது. வட இந்தியக் கல்லச்சுப் பட்டறைகளில் ‘ஸங்ஸாஸ்’ என்றொருவர் இருப்பார். கல்லுக்கு மாறிய எழுத்தில் பிழை கண்டால் அந்த இடத்தைச் சுரண்டி, சரியான எழுத்தைத் தலைகீழாக எழுதிச் சேர்ப்பது அவர் பணி. காதிபுக்கு நேர்கை வேண்டும். இவருக்கோ எதிர்க்கையும் வேண்டும். அச்சு முடிந்ததும் கல்லைத் தேய்த்து அடுத்த பக்கத்திற்கு ஆக்குவார்கள். பவேரியாவிலிருந்து வந்த கல் விலையுயர்ந்தது. பக்கத்திற்கு ஒரு கல்லைச் சேமித்து வைக்க எவராலும் இயலாது. எனவே மறுபதிப்பு வேண்டுமெனில் மீண்டும் எழுதியாக வேண்டும். இது ஒரு குறைதான். ஆனால் எழுதுவோர் குலம் தழைத்திருக்க அதுவே துணையாகவும் அமைந்தது.

ஃபாஸ் முதல் சிங்கப்பூர் வரை

இஸ்தான்பூலில் 1831-இல் படைத்துறையின் ஆதரவோடு முதல் கல்லச்சகம் தோன்றிற்று. பிரான்சிலிருந்து வந்த கயோல் குடும்பத்தார் அதை நடத்தினர். பாரசீகத்தில் ஈய அச்சு முன்னரே வந்திருந்தும், 1830-களில் தப்ரீஸ் நகரில் கல்லச்சு வந்தபின் மக்கள் அதையே நாடினர். பல்லாண்டுகள் அங்கு ஈய அச்சு பின்தங்கிவிட்டது. மேற்கே மொரோக்கோவில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கு அச்சைக் கொண்டு வந்தவர் ஒரு காஜி. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பும் வழியில் எகிப்தில் கல்லச்சுப் பொறி ஒன்றை வாங்கி, அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்து 1864-இல் காஜி முஹம்மது தையிப் ரூதானீ ஊர் திரும்பினார். மறு ஆண்டு அதில் முதலாவதாக அச்சானது இமாம் திர்மிதீயின் ஷமாயில். பெருமானார் (ஸல்) அவர்களின் திருவுருவையும் பண்புகளையும் விவரிக்கும் அந்நூலே அந்நாட்டின் அச்சு வரலாற்றுக்கு பிஸ்மில்லாஹ் ஆயிற்று. பின்னர் பொறி ஃபாஸ் நகருக்குச் சென்று, நூற்றுக்கணக்கான கிதாபுகளைப் பெற்றெடுத்தது. புதுமையை உலமாக்கள் வெறுத்தார்கள் என்போர் இந்தக் காஜியை எங்கே வைப்பார்கள்?

இந்தியாவில் 1820-களில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கல்லச்சு கால்கொண்டது. 1830-ஆம் ஆண்டளவில் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் அதைக் கான்பூரிலிருந்து லக்னோவுக்குக் கொண்டு சென்றார். லக்னோவில் 1858-இல் முன்ஷி நவல் கிஷோர் தொடங்கிய அச்சகம் ஆசியாவின் மிகப் பெரிய அச்சகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அவர் ஓர் இந்து. திருக்குர்ஆனும், ஹதீஸும், ஃபிக்ஹும், பாரசீகக் காவியங்களும், அவற்றோடு இந்து சமய நூல்களும் அங்கே அச்சாயின. ஏழை மாணவனும் விலை கொடுத்து வாங்கும் பொருளாகக் கிதாபு மாறியது அக்காலத்திலேதான். நம் வீடுகளில் ஓதப்படும் இந்திய எழுத்து முஸ்ஹபின் தடித்த, தெளிந்த வரிகள் அந்தக் கல்லச்சுக் காதிப்களின் வழியில் வந்தவையே.

கடல் கடந்த கதைகளும் உண்டு. மலாய் இலக்கியத்தின் புதுயுகத் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர், யமன் நாட்டு அரபு வழியும் நாகூர்த் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தவர், தமிழும் கற்றவர். பாதிரிமாரோடு சேர்ந்து அச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்ட அவர், தம் வாழ்க்கை வரலாறாகிய ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’வை 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியிட்டார். கொழும்பில் 1869-இல் பாபா யூனுஸ் ஸல்தீன் ‘ஆலாமத் லங்காபுரி’ என்ற மலாய் இதழை அரபு எழுத்தில் கல்லச்சிலேயே கொண்டு வந்தார்.

நமக்கென்று ஓர் எழுத்து

தமிழ் முஸ்லிம்கள் ஈய அச்சைப் புறக்கணித்தவர்கள் அல்லர். இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835-இல் வழி பிறந்தது. ஏழாண்டுகளுக்குள், 1842-இல், ஏடுகளில் கிடந்த உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றிவிட்டார். தமிழெழுத்துக்கு ஈய வார்ப்பு ஆயத்தமாக இருந்தது. அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

அரபுத்தமிழின் நிலை வேறு. தமிழை அரபு எழுத்தில் எழுதுவதற்கு நம் முன்னோர் ஓர் அருமையான ஏற்பாடு செய்திருந்தனர். அரபில் இல்லாத ‘ப’, ‘ட’, ‘ண’, ‘ள’, ‘ழ’, ‘ற’ போன்ற ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டியும் இடம் மாற்றியும் புதிய எழுத்துகளை அமைத்தனர். எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் கண்டனர். இந்த எழுத்துகளுக்கு எந்த வார்ப்படச் சாலையிலும் அச்சு இல்லை. கெய்ரோவின் பூலாக் அச்சகத்திடமும் இல்லை, ஐரோப்பியரிடமும் இல்லை. சிறியதொரு சமுதாயத்திற்காக எவர் பொருள் செலவிட்டு வார்த்துத் தருவார்? இந்த இக்கட்டைத் தீர்த்தது கல்லச்சு. ஊர் லெப்பையின் எழுதுகோல் எந்தப் புள்ளியை எங்கே வைக்கிறதோ, அதைக் கல் அங்கேயே வைத்தது.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) அவர்களின் ‘மகானீ’ போன்ற ஷாஃபியீ மத்ஹபுச் சட்ட நூல்களும், மாலைகளும், தொழுகை விளக்கங்களும், நபிமார் வரலாறுகளும் இவ்வெழுத்தில் பரவின. சென்னையிலும் பம்பாயிலும் கொழும்பிலும் அச்சான பிரதிகள் மரக்கலமேறி மலாயா வரை சென்றன. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் படியை மிதித்திராத நம் பெண்மக்கள், குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தறிவைக் கொண்டு தங்கள் தாய்மொழியில் சட்டமும் சரித்திரமும் படித்தனர். அக்காலத் தமிழகத்தில் பெண்ணுக்கு எழுத்தறிவு அரிதாக இருந்தபோது, மரைக்காயர், லெப்பை இல்லங்களின் முற்றத்தில் ஒரு பெண் கிதாபு வாசிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்ட நிலை இருந்தது. அதற்கு அடித்தளமிட்டவர்கள் பெயர் தெரியாத எத்தனையோ காதிப்கள். அவர்களுக்குக் கை கொடுத்தது ஒரு கல்.

கல் போயிற்று, கை என்னவாயிற்று?

எந்தத் தொழில்நுட்பமும் நிலைப்பதில்லை. பாரமான கல்லுக்குப் பதில் மெல்லிய துத்தநாகத் தகடு வந்தது. அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவர் 1904-இல், தகட்டிலிருந்து ரப்பர் உருளைக்கும் அதிலிருந்து காகிதத்திற்கும் மையை மாற்றும் ஆஃப்செட் முறையைக் காகித அச்சில் புகுத்தினார். பின் புகைப்படக் கலையும் சேர்ந்தது. காதிப் எழுதிய தாளைப் படம் பிடித்துத் தகட்டிலேற்றிவிடலாம் என்றானது. இவையெல்லாம் நீரும் பசையும் சேரா என்ற செனஃபெல்டரின் அதே விதியின் வழித்தோன்றல்கள்தாம்.

அச்சு பெருகப் பெருகக் கையெழுத்துக் கலை அழியுமோ என்ற கவலை பிறந்தது. அக்கவலைக்கு விடையாக, 1914-இல் இஸ்தான்பூலில் ‘மத்ரஸத்துல் ஹத்தாத்தீன்’ என்ற காதிப்களின் கல்லூரி திறக்கப்பட்டது. கெய்ரோவில் 1922-இல் மன்னர் ஃபுஆதின் ஆதரவில் எழுத்தழகுப் பள்ளி ஒன்று எழுந்தது. இஸ்தான்பூல் பள்ளிக்குச் சோதனை விரைவில் வந்தது. 1928 நவம்பரில் துருக்கி அரசு அரபு எழுத்தை விலக்கி லத்தீன் எழுத்தைச் சட்டமாக்கிற்று. ஒரே சட்டத்தில் ஒரு நாட்டின் காதிப்கள் அனைவரும் தொழிலிழந்தனர். பள்ளி மூடப்பட்டு, மறு ஆண்டு கீழ்நாட்டு அலங்காரக் கலைப் பள்ளி என்ற பெயரில் உயிர் பெற்றது. 1936-இல் நுண்கலைக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது. பெயரை மாற்றிக்கொண்டாவது கலையைக் காத்தனர் அதன் ஆசிரியர்கள்.

தியார்பக்கிரில் 1891-இல் பிறந்த ஹாமித் அல்-ஆமிதீயின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. படைத்துறை அச்சகத்தில் காதிபாகப் பணியாற்றி, ஜெர்மனி சென்று பயிற்சியும் பெற்றவர். எழுத்து மாற்றத்திற்குப் பின் அச்சுத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டு, பெயர்ச் சீட்டுகளும் விளம்பரச் சீட்டுகளும் செய்து குடும்பம் நடத்தினார். அதே கையால் பள்ளிவாசல் சுவர்களுக்கு எழுதினார், முஸ்ஹபும் எழுதினார். கற்க வந்தவர்களைத் திருப்பியனுப்பவில்லை. பக்தாத் நகர ஹாஷிம் போன்ற பெருங்கலைஞர்கள் அவரிடம் இஜாஸா பெற்றனர். 1982-இல் அவர் மறைந்தார். நான்காண்டுகளுக்குப் பின், இஸ்தான்பூலில் உள்ள இஸ்லாமிய வரலாறு, கலை, பண்பாட்டு ஆய்வு மையம் உலக அளவில் நடத்திய முதல் எழுத்தழகுப் போட்டி அவர் பெயராலேயே நடந்தது. சங்கிலி அறுபடவில்லை.

ஹாமிதிடம் இஜாஸா பெற்றவர்களுள் ஒருவர் அலெப்போ பகுதியைச் சேர்ந்த உஸ்மான் தாஹா. மதீனாவில் 1984-இல் மன்னர் ஃபஹ்து குர்ஆன் அச்சகம் திறக்கப்பட்டது. பக்கந்தோறும் ஆயத்து முடிவோடு நிறைவுறும் அவர் கையெழுத்து முஸ்ஹபே அங்கிருந்து கோடிக்கணக்கில் அச்சாகி, ஹாஜிகளின் கையோடு நம் வீடுகளையும் அடைந்தது. உலகின் மிகப் புதிய பொறிகள் அங்கே ஓடின. அவை பெருக்கியது ஒரு மனிதரின் நாணல் எழுதுகோல் எழுதியதை. ஆலிம்களின் குழு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்னரே பொறி சுழன்றது. முதஃபர்ரிகாவின் அச்சகத்தில் காஜிகள் அமர்ந்த இருக்கையே அது.

உருதுக்கும் இத்தகைய நேரம் வந்தது. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்றவர் மிர்ஸா அஹ்மத் ஜமீல். அவர் தந்தை ஒரு காதிப். நஸ்தஃலீக் எழுத்து கணினிக்குள் அடங்காது என்ற நிலையில், எழுத்தெழுத்தாகக் கோப்பதை விட்டு, சொற்கூறுகளை முழுதாகவே தம் கையால் வரைந்தார். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூறுகளை எழுதி, மோனோடைப் நிறுவனத்தின் பொறியில் ஏற்றி, 1981-இல் லாகூர் ‘ஜங்’ நாளிதழை அவ்வெழுத்தில் வெளிவரச் செய்தார். தந்தையின் பெயரால் அதற்கு ‘நூரி நஸ்தஃலீக்’ எனப் பெயரிட்டார். காதிபின் மகன் கணினிக்கே எழுதக் கற்பித்தான் என்று சொன்னால் மிகையாகாது. அதே வேளை, அந்த எழுத்தால் எத்தனையோ பத்திரிகைக் காதிப்களின் அன்றாடக் கூலி நின்றது என்பதையும் மறைக்கலாகாது. ஒரு புதுமை ஒரு கதவைத் திறக்கும்போது வேறொரு கதவு மூடிக்கொள்வதுண்டு.

நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1927-இல் செய்யது அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளிதழ், கணினி எங்கும் பரவிய பிறகும், இந்த நூற்றாண்டிலும் பல்லாண்டுகள், காதிப்களின் கையெழுத்திலேயே வெளிவந்தது. அவர்களுள் பெண்களும் இருந்தனர்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பொறியை ஏற்ற சமுதாயங்கள் எல்லாம் மூன்றைக் கைவிடாதவரை வாழ்ந்தன: கற்பிக்கும் உஸ்தாத், பிழை திருத்தும் ஆலிம், தமக்கென்று உள்ள எழுத்து. பொறி எதுவாயினும் இம்மூன்றும் அதற்கு எஜமானர்களாக இருந்தன.

அரபுத்தமிழில் நாம் மூன்றையும் நழுவவிட்டோம். துருக்கியில் ஓர் அரசு சட்டமியற்றி எழுத்தை நீக்கிற்று. நம்மை எவரும் தடுக்கவில்லை. எந்தச் சட்டமும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் வந்தன, தமிழெழுத்துப் படிப்பு பரவிற்று, மார்க்க நூல்கள் நல்ல தமிழில் அச்சாயின. இது நல்லதே. தமிழெழுத்தில் வந்த நூல்களால்தான் நம் செய்தி அண்டை வீட்டாரையும் எட்டியது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் புதியதைக் கொண்டதற்காகப் பழையதைக் கற்பிப்பதையே நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. சட்டம் பாய்ந்த நாட்டில் ஒரு ஹாமித் இருந்தார். சட்டம் பாயாத நம்மிடையே இந்தக் கையெழுத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க எத்தனை பேரை அமர்த்தினோம்?

இன்று நிலைமை இது. கல்லச்சுப் பிரதிகளின் காகிதம் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. வீடு இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கும் கிதாபுகளை, அரபு எழுத்து ஆயிற்றே என்ற பயபக்தியால், மண்ணில் புதைக்கின்றனர். அல்லது கடலிலும் கிணற்றிலும் விடுகின்றனர். வேத எழுத்துக்குக் காட்டும் மரியாதை அது, எண்ணம் தூயதே. ஆனால் அவ்வாறு போகின்றவற்றுள் குர்ஆன் பிரதி எது, நம் பாட்டன்மார் தமிழில் எழுதிய சட்ட நூல் எது, வேறெங்கும் படியில்லாத மாலை எது என்று பிரித்தறிய வீட்டில் ஆளில்லை. அந்தப் பிரதியை மீண்டும் அச்சிடக் கல்லும் இல்லை. அச்சான அன்றே அது தேய்க்கப்பட்டுவிட்டது. காகிதம் போனால் நூலே போயிற்று.

செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு வீட்டிலும் பழைய கிதாபு ஒன்றை அகற்றுமுன், படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். முதல் பக்கத்தையும், காதிபின் பெயரும் ஆண்டும் இருக்கும் கடைசிப் பக்கத்தையும் முதலில் படமெடுங்கள். இயன்றால் முழுவதையும் எடுங்கள். இன்று பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைபேசி, அந்நாளில் பவேரியாவிலிருந்து வந்த கல்லைவிட எளிய கருவி. மதரஸாக்கள் வாரத்தில் ஒரு பாடவேளையையாவது அரபுத்தமிழ் வாசிப்புக்கு ஒதுக்கட்டும். குர்ஆன் ஓதத் தெரிந்த மாணவனும் மாணவியும் அந்தச் சில கூடுதல் எழுத்துகளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். கற்றவர்கள் அந்நூல்களைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதி, மூலத்தையும் உடன் வைத்து வெளியிடட்டும்.

கல்லச்சுக் கிதாபுகளின் கடைசிப் பக்கத்தில் காதிப் தன் பெயரை எழுதி, படிப்பவர்கள் தனக்காக துஆச் செய்யுமாறு வேண்டுவது வழக்கம். அந்த வேண்டுதலைப் படிக்கத் தெரிந்தவர்களாகவேனும் நம் மக்களை ஆக்கிவைப்போமாக. ஆமீன்.